தையல் டீச்சர் தொடாத மிஷின்

செய்து தரமாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சீட்டைச் சின்னவன் என் மடியில் போட்டான். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு பொருள் செய்ய வேண்டும், ஓர் ஆசிரியர் வழி காட்டுவார், நடுவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று அதில் இருந்தது. "நீயே செஞ்சு குடுத்துடுப்பா. எல்லார் வீட்லயும் அவங்கப்பாதான் செய்யறாங்க" என்றான். பெரியவள் கூடவே, "ஆமாம்பா, யாரு கேக்கப் போறா?" என்றாள். நான் எழுந்து போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான். ஆனால் உங்கள் மேல் இல்லை, அப்படிச் செய்து கொடுக்கிற அப்பாக்கள் மேல். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து ஓடிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் பதினோராம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. நான் திண்டிவனத்தில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து தினமும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைகளின் வரப்பு வழியாகவே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவேன். அந்த வருஷம் விழுப்புரத்தில், சுற்று வட்டாரத்து ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு விஞ்ஞானக் கண்காட்சி, போட்டியோடு வைத்தார்கள். இப்போது உங்களுக்கு வந்திருக்கும் அதே சட்டம்தான் அன்றைக்கும். பிள்ளைகள் செய்ய வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் யோசனை சொல்லலாம், கை வைக்கக் கூடாது. "இதை மாணவர்கள் தாங்களே செய்தார்கள், நான் வழி மட்டும் காட்டினேன்" என்று அச்சடித்த ஒரு சீட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் விஞ்ஞான வாத்தியார் வகுப்பில் முதல் ஐந்து ரேங்க் எடுத்தவர்களில் மூன்று பேரைப் பொறுக்கிக்கொண்டு நீராவி இன்ஜின் செய்யப் போவதாகச் சொன்னார். இன்னொரு கோஷ்டிக்கும் இடம் இருப்பதாகச் சீட்டில் போட்டிருந்தது. நான் கையைத் தூக்கினேன்.

"நீ என்னா செய்யப் போற?"

"மல்லாட்டை உரிக்கிற மிஷினு சார்."

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். "உங்க வீட்ல வேற என்னா தெரியும்? என்னால ரெண்டு கோஷ்டியக் கட்டிக்கினு பேஜாரு பட முடியாது. போய்த் தையல் டீச்சரைக் கேளு, அவங்கதான் சும்மா இருக்காங்க."

அவர் கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் மல்லாட்டை எனக்குக் கேலி இல்லை. விதைக்கு உரிக்கிற காலத்தில் என் அம்மாவின் கட்டைவிரல் நகத்தோரம் வெடித்திருக்கும். சோறு பிசையும்போது உப்பு பட்டு முகம் சுளிப்பார். டவுனில் மில் மிஷின் இருந்தது, ஆனால் அது பருப்பை உடைத்துவிடும், சிவப்புத் தோலை உரித்துவிடும். எண்ணெய்க்கு அது போதும். விதைக்கு ஆகாது, தோல் போன பருப்பு மண்ணில் அழுகிப் போகும். அதனால் விதை மல்லாட்டையைக் கையால்தான் உரிக்க வேண்டும்.

மணி அடித்ததும் இரண்டு பேர் என்னோடு வந்து சேர்ந்தார்கள். ஒருவன் செஞ்சிப் பக்கத்து நயினார் வீட்டுப் பையன். அவர்கள் ஜைனர்கள், அவன் திண்டிவனத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தான். பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டான். இன்னொருத்தி சைக்கிள் கடைக்காரர் மகள். வகுப்பில் ஆறே பெண்கள், தனி பெஞ்சு, பையன்களோடு பேச்சே கிடையாது. அவளாகத்தான் வந்து கேட்டாள்.

"தையல் டீச்சரைக் கேட்டா என்னா?"

"அவரு கிண்டல் பண்ணாரு" என்றேன்.

"பண்ணட்டும். சீட்டுல 'ஆசிரியர்'னு தானே போட்டிருக்கு. தையல் டீச்சர்னா டீச்சர் இல்லியா?"

அப்படித்தான் நாங்கள் தையல் அறைக்குப் போனோம்.

டீச்சருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். தற்காலிக வேலை. ஒவ்வொரு வருஷமும் ஹெட்மாஸ்டர் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வருஷம் உண்டு. நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு மிஷின் தெரியாது. கால்ல மிதிக்கிற தையல் மிஷின் ஒன்னுதான் தெரியும், அதுவும் ரிப்பேர் ஆனா ஆளைக் கூப்பிடுவேன்" என்றார். பிறகு சீட்டை இரண்டு தரம் படித்தார். "கை வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா? அப்ப நல்லது. வைக்க மாட்டேன். ஒரு ஆணியக்கூடத் தொட மாட்டேன். சம்மதமா?"

சம்மதம் என்றோம். ஹெட்மாஸ்டர் அறைக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். ஹெட்மாஸ்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"கையெழுத்துப் போடறது சும்மா இல்லம்மா. நாளைக்கு ஏதாவது புகார் வந்தா நான் பொறுப்பில்ல. உங்க வேலையே வருஷத்துக்கு வருஷம் தள்ளிக்கினு போவுது, பார்த்துக்குங்க."

"பார்த்துக்கறேன் சார்" என்று எங்கள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். வேலை ஆரம்பிக்கும் முன்பே போட்டார். வெளியே வந்ததும், "என் கையெழுத்து இப்ப உங்ககிட்ட இருக்கு. அதைப் பொய்யாக்கிப்புடாதீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முதல் பலகையை நாங்களே கெடுத்தோம். கண் அளவில் ரம்பம் போட்டு அறுத்தோம், ஒரு பக்கம் அரை சாண் குறைந்துவிட்டது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "துணியில இப்படிப் பண்ணினா அடுத்த நாள் என் பக்கம் யாரும் வர மாட்டாங்க. மொதல்ல காகிதத்துல வெட்டுங்க" என்றார்.

"மிஷினை எப்பிடி டீச்சர் காகிதத்துல?"

"ரவிக்கைய எப்பிடிக் காகிதத்துல வெட்டறோம்?"

நான்கு நாள் பழைய செய்தித்தாளை வெட்டினோம். பக்கப் பலகை, அடிப்பலகை, கொட்டுகிற வாய், கைப்பிடி எல்லாவற்றையும் காகிதத்தில் வெட்டி, ஊசி நூலால் தைத்து நிற்க வைத்துப் பார்த்தோம். பையன்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "டேய், பேப்பர் மிஷினு! மழை வந்தா மடிச்சு பாக்கெட்ல வச்சிக்குவானுங்க!" என்று கத்தினார்கள். காகிதம் எங்கெங்கே இடித்ததோ அங்கங்கே திருத்தினோம். பிறகு அந்தக் காகிதங்களைப் பலகையின் மேல் வைத்து, துணியில் கோடு போடுகிற தட்டையான நீலச் சாக்கட்டியால் வரைந்தோம். எந்த விளிம்பு எதோடு சேர வேண்டும் என்று தெரிவதற்குத் தையலில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போடுவார்கள். நாங்கள் பலகையின் ஓரத்தில் ரம்பத்தால் போட்டோம். ஒவ்வொரு துண்டிலும் பெயர் எழுதியது சைக்கிள் கடைப் பெண். அவளுக்குத் தையல் வகுப்பில் தெரிந்த பெயர்களைத்தான் எழுதினாள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மிஷின் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு மரப்பெட்டி. அதற்குள்ளே பழைய சைக்கிள் சக்கரக் கம்பிகளை நெருக்கி வரிசையாக வைத்து, தொட்டில் போல வளைந்த ஒரு சல்லடை. மேலே தொங்குகிற கட்டை, அதன் அடியில் டயர் துண்டு. கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் டயர் மல்லாட்டையைக் கம்பியின் மேல் தேய்க்கும். ஓடு உடைந்து, பருப்பும் ஓடும் கீழே விழும். சூட்சுமம் எல்லாம் டயருக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான். சந்து பெரிதானால் மல்லாட்டை உருண்டுகொண்டே இருக்கும். சின்னதானால் பருப்பு நசுங்கும்.

"எவ்ளோ சந்து வுடணும் டீச்சர்?"

"ஆளுக்கு அளவு எடுக்காம சட்டை தைப்பியா?"

மல்லாட்டைக்கு அளவு எடுத்தோம். ஒரு படி மல்லாட்டையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக டேப்பில் வைத்துப் பார்த்தோம். மெல்லியது மூன்று நூல், பருத்தது ஐந்து நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நாங்கள் ஒரு நூல் என்போம். எதற்குச் சந்து வைப்பது? மூன்று பேரும் சண்டை போட்டோம். டீச்சர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "வளர்ற பிள்ளைக்குச் சட்டை தைச்சா என்னா பண்ணுவோம்? உள்ள துணிய மடிச்சு வுட்டு வைப்போம், அப்புறம் பிரிச்சு வுட்டுக்கலாம்னு" என்றார். நயினார் வீட்டுப் பையன்தான் துள்ளி எழுந்தான். கட்டையைத் தாங்குகிற போல்ட்டுக்கு வட்ட ஓட்டை போடாமல் நீளமாகப் போட்டால், கட்டையை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்! இரண்டு ஓட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடுவில் இருந்ததை உளியால் எடுத்தோம். என் இடது கையில் இன்னும் இருக்கிற தழும்பு அந்த உளி கொடுத்ததுதான்.

சைக்கிள் கடைக்காரர் ஒரு நாள் ஸ்பேனரோடு வந்தார். "என்னாம்மா டீச்சரு, பசங்க கஷ்டப்படுதுங்க. ஜல்தியா நான் முறுக்கி வுட்டுட்டுப் போறேன்" என்றார்.

"ஸ்பேனரைக் குடுத்துட்டுப் போங்க. கையக் குடுக்காதீங்க" என்றார் டீச்சர்.

அவர் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். ஸ்பேனர் மட்டும் எங்களோடு தங்கியது.

போட்டிக்கு முதல் நாள் நன்றாகக் காய்ந்த மல்லாட்டை போட்டு ஆட்டினோம். நூறு பருப்பில் ஐந்தாறு உடைந்தது, மற்றதெல்லாம் சிவப்புத் தோலோடு முழுசாக விழுந்தது. கண்காட்சிக்கு என்று அதே மல்லாட்டையில் இரண்டு படி ஒரு பையில் கட்டி நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். டீச்சரிடமே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். புத்தி இல்லை.

மறுநாள் காலை பாசஞ்சர் வண்டியில் விழுப்புரம் போனோம். மிஷினைச் சாக்கில் கட்டி ஏற்றினோம். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்கள் அதன் மேல் மூட்டையை வைக்கப் பார்த்தார்கள், நயினார் வீட்டுப் பையன் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

கண்காட்சி நடந்த மண்டபத்தில் முப்பது மேஜைக்குக் குறையாது. பக்கத்து மேஜையில் விழுப்புரத்துப் பையன்கள் ரயில் சிக்னல் வைத்திருந்தார்கள். கம்பியை இழுத்தால் கை இறங்குகிறது, பச்சை விளக்கு எரிகிறது. பெயிண்டு பளபளவென்று இருந்தது. "எப்பிடிடா செஞ்சீங்க?" என்று கேட்டேன். "எங்க மாமா ரயில்வே ஷெட்ல ஃபிட்டரு" என்றான் ஒருவன், ஒரு கூச்சமும் இல்லாமல். "உங்குளுது யாரு செஞ்சது?"

"நாங்க."

"அட, சும்மா சொல்லு. நடுவர்கிட்டயா சொல்லப் போறேன்?"

வழிகாட்டி ஆசிரியர்கள் வெளி வராந்தாவில் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் விஞ்ஞான வாத்தியார் நீராவி இன்ஜினுக்குப் பக்கத்தில்தான் நின்றார், திருகுவதும் அவர்தான். மற்றவர்களும் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். எங்கள் டீச்சர் மட்டும் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதியத்துக்கு மேல் நடுவர் எங்கள் மேஜைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் அட்டை, அட்டையில் எங்கள் சீட்டு. "ஆட்டுப்பா" என்றார். பையை அவிழ்த்துக் கொட்டினேன். கைப்பிடியை ஆட்டினேன்.

சடசடவென்று உடைய வேண்டிய சத்தம் வரவில்லை. சளக் சளக் என்றது. மல்லாட்டை உடையாமல் தோல் செருப்பு மாதிரி வளைந்தது, டயரில் ஒட்டியது, கம்பியில் சிக்கியது. இன்னும் பலமாக ஆட்டினேன், கைப்பிடி நின்றுவிட்டது. பக்கத்து மேஜைப் பையன்கள் சிரித்தார்கள். ஒரு மல்லாட்டையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். ஈரம்.

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை உரிப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்துச் சாக்குப் போட்டு மூடி வைப்பார்கள். ஓடு ஊறினால் விரல் வலிக்காது. என் அம்மா பையைப் பார்த்திருக்கிறார். பிள்ளை நாளைக்கு ஊர் முன்னால் உரிக்கப் போகிறான், அந்த மிஷினுக்கும் வலிக்கக் கூடாது என்று ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்துக் கட்டி வைத்துவிட்டார். மிஷினுக்குக் காய்ந்த ஓடுதான் வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

நடுவர் சந்தில் எட்டிப் பார்த்தார், போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். "வேலை நல்லா இருக்கு. ஆனா ஆட்டத் தெரியல உங்களுக்கு. யாரு செஞ்சு குடுத்தது?"

"நாங்கதான் சார்."

"சைக்கிள் கம்பி, சைக்கிள் டயரு. யார் வீட்ல சைக்கிள் கடை?"

சைக்கிள் கடைப் பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க வீட்ல சார். எங்கப்பா பஞ்சர் ஒட்டுவாரு. இதைத் தொடல."

"வெளியாளு யாரும் உதவி பண்ணவே இல்ல?"

நான் வாயைத் திறந்தேன். "எங்கம்மா பண்ணாங்க சார். மல்லாட்டைக்குத் தண்ணி தெளிச்சாங்க. அதான் ஓடல."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "இங்க பாருங்க. எல்லாரும் பண்றதுதான். நான் இன்னிக்குப் பொறந்தவன் இல்ல. சைக்கிள் கடைக்காரர் கொஞ்சம் உதவி பண்ணாருன்னு சொல்லிடுங்க, கொஞ்சம்தான். பார்க்க நல்லா இருக்கு, ஒரு ஆறுதல் பரிசு போட்டுடறேன். இல்லன்னா சந்தேகம்னு நான் எழுதணும். ஸ்கூலுக்குக் காகிதம் போகும்."

பிள்ளைகளே, அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஒரு வார்த்தை சொன்னால் பரிசு. அந்த வார்த்தை சொன்னால் அச்சடித்த சீட்டில் இருக்கிற கையெழுத்து பொய். சொல்லாவிட்டால் காகிதம் போகும், ஹெட்மாஸ்டர் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார், அடுத்த வருஷம் தையல் அறைக்கு வேறு ஆள் வரும். எந்தப் பக்கம் போனாலும் மாட்டுவது டீச்சர்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலை குனிந்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்ல மாட்டோம் சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நடக்காததை எப்பிடிச் சொல்றது? பரிசு வேணாம். சந்தேகம்னு எழுதறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாருங்க. நாங்களே பிரிக்கிறோம், நாங்களே திரும்ப மாட்டறோம். நீங்க நின்னு பாருங்க."

"என்னையே நிக்கச் சொல்றியா? எனக்கு இன்னும் பதினைஞ்சு மேஜை இருக்கு."

"முடிச்சிட்டு வாங்க சார். அதுவரைக்கும் ஒரு போல்ட்டு தொட மாட்டோம். இங்கயே இருக்கோம்."

அவர் என்னை முறைத்தார். ஆனால் அட்டையில் ஒன்றும் எழுதாமல் அடுத்த மேஜைக்குப் போனார்.

இருந்தோம். சாயங்காலம் பரிசு கொடுத்தார்கள். சிக்னலுக்கு முதல் பரிசு, நீராவி இன்ஜினுக்கு மூன்றாவது. எல்லோரும் மூட்டை கட்டினார்கள். விஞ்ஞான வாத்தியார் எங்களைக் கடந்து போகும்போது, "என்னாடா தையல் கோஷ்டி, மிஷினுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டார். காவல்காரர் வந்து, "கெளம்புங்க, கெளம்புங்க, மண்டபம் பூட்டணும்" என்றார்.

"நடுவர் வரணும்" என்றேன்.

"அவரு டிபன் சாப்ட்டுக்கினு கீறாரு. வர மாட்டாரு."

"வருவாரு."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நயினார் வீட்டுப் பையனின் அத்தை கட்டிக் கொடுத்த சாப்பாட்டுத் தூக்கு மூடியபடியே இருந்தது. "நீ போய்ச் சாப்டுட்டு வாடா, பொழுது போயிட்டா அப்புறம் உனக்கு நாளைக்குத்தான்" என்றேன். "நான் போற நேரத்துல அவரு வந்துட்டா? ரெண்டு பேரு நின்னா கோஷ்டி இல்ல" என்று உட்கார்ந்துகொண்டான்.

நடுவர் வந்தார். திறந்த கதவு வழியாக எங்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, ஆரம்பிங்க."

திருப்புளி என் கையில், ஸ்பேனர் அவள் கையில். ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, அவர் காலடியில் வரிசையாக வைத்தோம். முதலில் கைப்பிடி. அதைத் திருப்பிப் போட்டதும் உள்பக்கத்தில் நீலச் சாக்கட்டியில் எழுதியிருந்தது தெரிந்தது. அவர் குனிந்து படித்தார்.

"கை."

அடுத்த பலகையை எடுத்தார். "முன் உடம்பு." அடுத்தது, "பின் உடம்பு." மல்லாட்டை கொட்டுகிற வாய்ப்பலகையைத் திருப்பினார். "கழுத்து." அந்தக் காலியான மண்டபத்தில் அவர் சத்தம் போட்டுப் படித்தது எனக்கு இன்னும் கேட்கிறது.

"என்னாது இது, கழுத்து?"

"ரவிக்கைக்கு எழுதற மாதிரி சார்" என்றாள் சைக்கிள் கடைப் பெண். "எங்களுக்கு மிஷின் பேரு தெரியாது. காகிதத்துல வெட்டித்தான் பலகையில வரைஞ்சோம்." பையிலிருந்து காகிதத் துண்டுகளை எடுத்து நீட்டினாள். அவர் ஒன்றை வாங்கிப் பலகையின் மேல் வைத்துப் பார்த்தார். ஓரத்து வெட்டு வெட்டோடு பொருந்தியது.

"இந்த ஓட்டை ஏன் நீளமா இருக்கு?"

"உள்ள துணி மடிச்சு வுட்டிருக்கோம் சார்" என்றான் நயினார் வீட்டுப் பையன். சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நடுவர் நிமிர்ந்தார். "எந்தத் தச்சனும் பலகைக்குக் கழுத்துன்னு எழுத மாட்டான்" என்றார். "எந்த ஃபிட்டரும் துணி மடிச்சு வுட்டேன்னு சொல்ல மாட்டான். போதும். மாட்டுங்க."

"முழுக்க மாட்டறதையும் பாத்துட்டுப் போங்க சார்" என்றேன். இனி வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விட மனம் இல்லை. அவர் உட்கார்ந்து பார்த்தார். கடைசி போல்ட்டை முறுக்கியதும் அட்டையிலிருந்து எங்கள் சீட்டை உருவி, டீச்சர் கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: "என் முன்னிலையில் பிரித்துப் பூட்டிக் காட்டினார்கள். மாணவர்களே செய்தது." கீழே தன் கையெழுத்தையும் போட்டார். "பரிசு முடிஞ்சுபோச்சுப்பா. அதை நான் ஒன்னும் பண்ண முடியாது" என்றார்.

"இது போதும் சார்."

வராந்தாவில் டீச்சர் பாவாடையை மடித்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். சீட்டைக் கொடுத்தோம். படித்தார். மறுபடியும் படித்தார். "வண்டிக்கு நேரமாச்சு, நடங்க" என்றார். நடக்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி வந்தேன்.

விழுப்புரம் ஜங்ஷனில் வண்டி தாமதம். பிளாட்பாரத்தில் ஓர் அம்மாள் மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம், மகள் வீட்டிலிருந்து வருகிறாராம். மூட்டையின் வாய் கொஞ்சம் அவிழ்ந்திருந்தது. மல்லாட்டை. எங்கள் மூவரின் கண்ணும் ஒரே நேரத்தில் அங்கே போனது.

"ஏம்மா, அது காஞ்சதா?" என்று கேட்டேன்.

"கலகலன்னு காஞ்சது. ஏன், துன்னணுமா? வெதைக்கு வச்சிருக்கேன்டா, தர மாட்டேன்."

"வெதைக்குத்தாம்மா உரிச்சுத் தர்றோம். ஒரு பருப்பு எடுத்துக்க மாட்டோம்."

அவர் எங்களையும் சாக்கையும் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டார். டயரில் ஒட்டியிருந்த ஈர ஓடுகளைத் துடைத்தோம். நயினார் வீட்டுப் பையன் கட்டையை அரை நூல் இறக்கினான். நான் கைப்பிடியைப் பிடிக்கப் போனேன். அப்போது டீச்சர் பக்கத்தில் வந்தார்.

"போட்டி முடிஞ்சுபோச்சு இல்ல?"

"முடிஞ்சுபோச்சு டீச்சர்."

"அப்ப நான் தொடலாம் இல்ல?"

நகர்ந்துகொண்டோம். அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார். சடசடசட. கீழே விரித்த சாக்கில் சிவப்புப் பருப்பு முழுசு முழுசாக விழுந்தது. மூட்டைக்கார அம்மாள் ஒன்றை எடுத்துத் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, மூட்டையை முழுசாக அவிழ்த்தார். வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் சுற்றி நின்றார்கள். ஒரு போர்ட்டர், "என்னா விலைக்கும்மா தர்றீங்க?" என்று கேட்டார். டீச்சர் ஆட்டுவதை நிறுத்தாமல், "என்னைக் கேக்காதீங்க, நான் செய்யல. இதுங்க செஞ்சது" என்றார். நயினார் வீட்டுப் பையன் அன்று பட்டினி. பொழுது போய்விட்டதால் அந்தப் பருப்பைக்கூட வாயில் போடாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்தச் சீட்டை டீச்சர் ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்தார். அடுத்த வருஷமும் அவர்தான் தையல் டீச்சர். என் அம்மாவிடம் தண்ணீர் தெளித்ததைப் பற்றி நான் சொல்லவில்லை. "நல்லா உரிஞ்சுதா?" என்று கேட்டார். "நல்லா உரிஞ்சுதும்மா" என்றேன். அந்த வருஷம் விதை மல்லாட்டையை அவர் கையால் உரிக்கவில்லை.

ஆகையால் சின்னவனே, செய்து தரமாட்டேன். திருப்புளி பெட்டியில் இருக்கிறது, எடுத்துக்கொள். காகிதம் வேண்டுமானால் பழைய செய்தித்தாள் பரண் மேல் கட்டாக இருக்கிறது. கோணலாக வரட்டும், நின்று போகட்டும், நாலு பேர் சிரிக்கட்டும். யார் செய்தது என்று யாராவது கேட்டால், பிரித்துக் காட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிடு. கைப்பிடியை நான் ஆட்டிப் பார்க்கிறேன்.